தூங்கும் நத்தைக்கு ஒரு கைதட்டல்

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. செய்து முடித்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இயற்பியல் துறையில் ஒருவர் இருக்கிறார், தங்கமான மனுஷர். வெளிச்சம் கண்ணாடிக்குள் போனால் எப்படி வளைகிறது என்று என்றைக்கோ ஒரு நல்ல கட்டுரை எழுதித் தொலைத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். முதலில் துறை பாராட்டியது. துறை பாராட்டியதைக் கேள்விப்பட்டு நூலகம் பாராட்டியது. நூலகம் முந்திக்கொண்டதே என்று ரோஷப்பட்டு விளையாட்டுப் பிரிவும் பாராட்டியது. அவருக்கு ஓடவும் வராது, பந்து பிடிக்கவும் வராது. இன்றுவரை அது ஓயவில்லை. அவருடைய ஆய்வகத்தில் சிலந்திகள் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. "அடுத்து என்ன சார் ஆராய்ச்சி?" என்று யாராவது கேட்டால், "எங்கேங்க நேரம்? வியாழக்கிழமை வரைக்கும் பாராட்டு இருக்கே" என்று பரிதாபமாகச் சிரிக்கிறார்.

இத்தனைக்கும் காரணம் பாராட்டுப் பிரிவு. ஆரம்பத்தில் அது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஆள். அந்த ஆளைத்தான் எல்லோரும் பாராட்டுக்காரர் என்பார்கள். கெட்டவராக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடலாம். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. அடுத்தவருக்கு நல்லது நடந்தால் அவருக்கு நிஜமாகவே கண் நிறைந்துவிடும். பாராட்டிப் பாராட்டி அவருக்கே பாராட்டுகள் குவிந்து, கோட்டின் மார்பு முழுக்கப் பதக்கங்கள். அந்தக் கனத்தில் மேல் பட்டன் மட்டும் மாதம் ஒரு தரம் தெறித்துப் போகும்.

ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு பித்தளைப் பலகை. அதைச் சுவரில் அடிக்க ஒரு தச்சர். முதலில் வாசல் சுவர் நிறைந்தது, பிறகு நடைபாதைகள் நிறைந்தன, பிறகு பலகை மேல் பலகையாக அடித்து நடைபாதையே ஒடுங்கிப் போய், பருமனான பேராசிரியர்கள் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். மின்தூக்கிக்குள்ளும் அடித்ததில், பலகைகளின் எடை போக இரண்டு பேர்தான் ஏறலாம் என்று ஆனது. கடைசியில் கழிவறைக்கும் வந்தது. கை கழுவுகிற இடத்துக்கு மேலே, 'எல்லா மின்னஞ்சலுக்கும் முதலில் வாழ்த்துச் சொன்னவர்' என்று கணக்குப் பிரிவு அம்மாள் ஒருத்தியின் பெயர் பளபளக்கிறது.

இனி அடிக்கச் சுவர் இல்லை என்றான பிறகு ஒரு விதி போட்டார்கள். எந்த அறை ஒரு வருஷமாக ஒரு சாதனையும் காட்டவில்லையோ, அந்த அறை பாராட்டுப் பிரிவுக்குச் சேர வேண்டும். மீந்த பலகைகளை அடுக்கி வைக்க இடம் வேண்டுமே!

இந்த விதியைக் கேட்டதும் முகத்தில் ஈயாடாமல் போனவள் நத்தை மேடம்.

விலங்கியல் துறையின் பின்கட்டில், ஜன்னல் பெரிதாகத் திறக்காத ஒரு சின்ன அறை அவளுடையது. அதில் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் மெல்லிய துணி கட்டியிருக்கும், உள்ளே நத்தைகள் தூங்கும். நத்தைத் தூக்கம் என்றால் நீங்களும் நானும் மதியம் போடுகிற தூக்கம் இல்லை. ஈரம் வற்றினால் அது ஓட்டுக்குள் போய், பாலில் படிகிற ஏடு மாதிரி ஒன்றை வாசலில் கட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் படுத்துவிடும். மழை வந்தால் எழுந்து வரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மழையே வராவிட்டால்? உள்ளே ஏதோ ஒன்று போதும் எழுந்திரு என்று சொல்லித் தானாக எழுந்திருக்குமா, இல்லை அப்படியே போய்ச் சேர்ந்துவிடுமா?

தானாக எழுந்திருக்கும் என்பது அவள் கட்சி. மூன்றாம் கோடை முடிவதற்குள் எழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதுவரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது, அதட்டக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பொட்டு ஈரம் படக்கூடாது. ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே மூலையில் ஒரு மெஷின் இரவும் பகலும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருக்கும். அவள் தேநீர் குடிப்பதென்றால்கூட வெளியே போய்க் குடித்து, வாயைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

எல்லா நத்தைகளும் ஒரே மாலையில் ஒரே மதிலிலிருந்து எடுத்தவை. அதில் ஒன்றுக்கு மட்டும் ஓட்டு விளிம்பு உடைந்திருந்தது. மூளி ஓட்டைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தையல் மெஷின் மேல் வைத்தாள். அவள் கணவர் தையல்காரர். "இது என்னம்மா, இங்க வச்சா நான் இதையும் சேர்த்துத் தைச்சிடுவேன்" என்று அலுத்துக்கொண்டு, அதை ஒரு பழைய பட்டன் டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைத்தார். பிறகு அவளும் மறந்துவிட்டாள், அவரும் மறந்துவிட்டார். நீங்கள் மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மாதக் கடைசியில் சாதனைக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு அறைக்காரரும் எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை காய்த்துப் போனவர்கள் உண்டு; அதற்கும் ஒரு பலகை இருக்கிறது. நத்தை மேடத்தின் முறை வரும்போது மட்டும் மண்டபம் சங்கடத்தில் நெளியும்.

"உங்க அறையில இந்த மாசம் என்ன மேடம் விசேஷம்?" என்று பாராட்டுக்காரர் ஆசையாகக் கேட்பார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. தூங்குதுங்க."

மண்டபம் முழுக்க உச்சுக் கொட்டும். அவளுக்கு முகம் சிவந்து, காது வரை சுடும். யாரோ இறந்துபோன வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பக்கத்தில் இருப்பவர்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு அவள் என்ன பாடுபடுகிறாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

பாராட்டுக்காரரும் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்த்தார். ஒரு தரம் அவள் வெளியே ஒரு அமைப்பிடம் ஆராய்ச்சி நிதி கேட்டு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. விடுவாரா அவர்? 'மிக மரியாதையான சொற்களில் மறுக்கப்பட்ட விண்ணப்பம்' என்று ஒரு பலகை செய்து மாடிப்படியில் அடித்துவிட்டார். அதைக் காட்டி அறையை இரண்டு வருஷம் காப்பாற்றியும் கொடுத்தார். மூன்றாம் வருஷம் அவளுக்கு நிதி கேட்டு எழுதக்கூட மனசில்லை. எழுதினால் கொடுத்துத் தொலைத்துவிடுவார்களோ, அதற்கு ஒரு விழா எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

கோடை முடியச் சில வாரங்களே இருந்தபோது, ஒரு மத்தியானம் பாராட்டுக்காரர் அவள் கதவை விரல் நுனியால் தட்டினார். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

"திங்கட்கிழமை உங்க அறையை எடுத்துக்கணும்னு உத்தரவு மேடம். வெளிய கிடக்குற பலகையெல்லாம் மழை வந்தா நனைஞ்சிடுமாம். என் கையால எப்படி மேடம் உங்க சாமானை வெளிய வைப்பேன்?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான் சார். இப்ப இதுங்களைத் தூக்கினா மூணு வருஷமும் போச்சு. ஒரே ஒரு மாசம் குடுங்க."

"நான் குடுக்கத் தயார்தான். காட்டுறதுக்கு ஏதாவது ஒண்ணு குடுங்க. இவ்வளவு நாளா என்ன நடந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க."

"ஒண்ணும் நடக்கலையே சார். ஒரு சத்தம்கூட இல்ல."

பாராட்டுக்காரர் அப்படியே நின்றார். மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "மேடம்! இந்தக் கட்டடத்துல மூணு வருஷமா ஒரு சத்தமும் வராத அறை வேற எங்க இருக்கு? எங்க பார்த்தாலும் கைதட்டல், தச்சர் சுத்தியல். உங்க அறை ஒண்ணுதான் மௌனமா இருந்திருக்கு. இதைவிடப் பெரிய சாதனை என்ன வேணும்?" சந்தோஷத்தில் அவர் மார்பை நிமிர்த்தியதில் கோட்டின் மேல் பட்டன் தெறித்து, கதவில் பட்டு, எங்கேயோ உருண்டு போனது.

"அப்ப அறை எனக்கேவா?"

"உங்களுக்கேதான். விழா முடிஞ்சதும் உத்தரவு ரத்து."

"விழாவா?"

"சாதனை நடந்த இடத்துலதான் விழா நடக்கணும், அது விதி. துணைவேந்தரே வருவார்."

"இங்கயா? ஐயையோ, வேண்டாம் சார். சத்தம் கேட்டாலோ ஈரம் பட்டாலோ எல்லாம் போச்சு!"

"ஒரு சத்தம் வராது. குண்டூசி விழுற சத்தம்கூட வராது. அதுக்கு நான் பொறுப்பு" என்று அவர் நெஞ்சில் அடித்துச் சொன்னார். சத்தம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டவர், ஈரம் என்ற வார்த்தையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவளும் அதைக் கவனிக்காமல் விட்டாள். அறை போய்விடுமோ என்று பதறிக்கொண்டிருந்தவளுக்கு அது எங்கே உறைக்கப் போகிறது? சரி என்று தலையாட்டினாள். போகும்போது அவர் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் தையல்காரர்தானே? திங்கட்கிழமைக்குள்ள ஒரு பட்டன் மட்டும்."

அந்தக் கோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவள் கணவர் சொன்னார்: "பட்டன் தெறிக்காம என்ன பண்ணும்? மனுஷன் நெஞ்சுல ஒரு பாத்திரக் கடையே தொங்குது."

"கிண்டல் பண்ணாதீங்க. திங்கட்கிழமை என் அறைக்குள்ளயே விழாவாம்."

"விழாவே வேண்டாம்னு சொல்லிடேன்."

"அறை போயிடும்."

"அறை போனா போகட்டும்னு சொல்லேன்."

"நத்தைங்க போயிடும். எழுந்திருக்குமா இல்லையான்னு தெரியாமலே போயிடும். அதை மட்டும் என்னால தாங்க முடியாதுங்க." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அடுப்பில் தண்ணீர் வைக்க எழுந்து போனார்.

பாராட்டுக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறையே சொல்ல முடியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டபத்தில் மௌனத்துக்கு ஒத்திகை நடந்தது. கைதட்டுவதற்குப் பதிலாக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இருமல் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் மனம் நோகாமல் இருக்க அவர்களுக்கு வேறொரு கட்டடத்தில் தனிப் பாராட்டு ஏற்பாடு செய்தார். வயிறு கடமுடா என்பவர்களுக்குக் காலையிலேயே ரொட்டி கொடுத்தார். பேண்டு வாத்தியக்காரர்களை வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களே என்று, ஊதாமல் ஊதுவதற்கு அவர்களைப் பழக்கினார்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு வரிசையாக உள்ளே வந்தார்கள். பத்துப் பேர் நின்றாலே திணறுகிற அறை அது. வந்துகொண்டே இருந்தார்கள். சுவரோரம் நின்றார்கள், மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார்கள், ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பேண்டுக்காரர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு விரலை ஓட்டினார்கள். மத்தளக்காரர் கோலைத் தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்தி நிறுத்தி அடித்தார். துணைவேந்தர் வந்து பெட்டிகளுக்கு நடுவே நின்று, கையில் இருந்த தாள்களைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துப் பேச ஆரம்பித்தார். நடுநடுவே ஆட்காட்டி விரலை உயர்த்தினார், ஒரு இடத்தில் நகைச்சுவை போலிருக்கிறது, எல்லோரும் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். அவர் பேசிய பேச்சிலேயே அதுதான் மிகச் சிறந்தது என்று பிற்பாடு ஊரே சொன்னது.

நத்தை மேடம் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை பேர், இவ்வளவு சத்தக்காரர்கள், என் நத்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே என்று நெகிழ்ந்து போனாள். எவ்வளவு அமைதி! மூன்று வருஷத்தில் இந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

இருந்ததே இல்லையா?

ம்ம்ம் என்ற முனகலைக் காணோம். எதிர் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். மெஷின் செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் பாராட்டுக்காரர் நின்றுகொண்டு, பிடுங்கிய பிளக்கைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். அதுவும் ஒரு சத்தம்தானே, விடுவேனா நான் என்று முகம் பெருமையில் ஜொலித்தது.

அப்போதுதான் அவள் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தாள். இத்தனை பேர் விட்ட மூச்சில் எல்லாப் பெட்டியிலும் பனி படர்ந்துகொண்டிருந்தது.

கத்தலாம். கத்தினால் சத்தம். கத்தாவிட்டால் ஈரம். படுபாவிகளா, வெளியே போங்கள், எல்லோரும் வெளியே போங்கள் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேகமாக ஆட்டினாள்.

ஒரு நொடி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அறை முழுக்க எல்லோர் முகமும் மலர்ந்து, அத்தனை கைகளும் மேலே எழுந்து ஆடின. துணைவேந்தர் தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்டினார். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள், அவர்களும் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். ஆட்டின ஆட்டத்தில் வியர்த்து, மூச்சு வாங்கி, அறை இன்னும் புழுங்கியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மெஷினை நோக்கிப் போனாள். பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினாள். கை குலுக்க வருகிறாள் என்று நினைத்துப் பாராட்டுக்காரர் அவளுடைய இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதில் பாதி, பக்கத்துப் பெட்டியின் துணி மேல் விழுந்தது. அவள் கையை உதறப் பார்த்தாள், அவர் விடவே இல்லை. அவருடைய கோட்டுப் பட்டன் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் கணவர் தைத்த பெரிய கறுப்புப் பட்டன். அதன் மேல் வெள்ளிக் கோடு மாதிரி ஏதோ மினுங்கியது. இந்த நேரத்தில் போய் இதைப் பார்க்கிறேனே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

துணி நனைந்த பெட்டியில் ஒரு ஓட்டின் ஏடு விரிந்தது. வெளிறிய ஒரு கொம்பு வெளியே நீண்டு, சோம்பல் முறிக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த பெட்டியில் இரண்டு. அப்புறம் எல்லாமே.

"எழுந்துடுச்சு!" என்று யாரோ அலறினார்கள்.

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. கைதட்டினார்கள், குதித்தார்கள், பேண்டுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதித் தள்ளினார்கள். "தங்களுக்குக் கிடைத்த மரியாதையை உணர்ந்து நத்தைகளே எழுந்து நின்று நன்றி சொல்கின்றன!" என்று துணைவேந்தர் முழங்கினார். அறை இனி என்றென்றைக்கும் நத்தை மேடத்துக்கே என்று அங்கேயே அறிவித்தார். தச்சர் அந்தக் கணமே துளைபோடும் கருவியை எடுத்து, காது கிழியக் கிழியச் சுவரைக் குடைந்து, பலகையை மாட்டினார். 'மூன்று ஆண்டு இடையறாத மௌனத்துக்காக' என்று அதில் எழுதியிருந்தது.

அவள் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூன்று வருஷம். இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். இனி எப்படித் தெரியும்? ஈரம் பட்டால் நத்தை எழுந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதற்கா இவ்வளவும்? அது மழையில் விளையாடுகிற குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

"பாவம், ஆனந்தக் கண்ணீர்" என்று வெளியே யாரோ சொன்னார்கள். உடனே கதவுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை. மேஜை மேல் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போச்சுங்க" என்றாள் அவள். செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து, நடந்ததெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்தபின் அவள் சொன்னாள்: "அது தானா எழுந்திருக்கும்னு எனக்குத் தெரியும். தெரியும்னு சொல்லி என்ன பிரயோஜனம்? பார்க்கலையே."

"நீ பார்க்கல" என்றார் அவர். "நான் பார்த்தேன். இங்க வா."

மேஜை மேல் துணி அளக்கிற நாடா நீளமாகக் கிடந்தது. அதன் மேல், உடைந்த விளிம்போடு, இரண்டு கொம்பையும் நன்றாக நீட்டிக்கொண்டு அந்த மூளி நத்தை போய்க்கொண்டிருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது எங்க இருந்துச்சு?"

"கோட்டுப் பட்டன் டப்பால. உன் பாராட்டுக்காரர் கோட்டுக்குப் பெரிய பட்டனா தேடினேன். இந்தக் காலத்துல யாரு என்கிட்ட கோட்டு தைக்கிறா? அந்த டப்பாவைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. காலைல திறந்தா, இது பட்டன் மேலெல்லாம் ஜம்முனு ஊர்வலம் போய்க்கிட்டு இருக்கு. அவசரத்துல ஒரு பட்டனைத் துடைச்சுத் தைச்சு, கோட்டை உங்க பல்கலைக்கழக வாசல்ல குடுத்துட்டு வந்தேன். உனக்குப் போன் பண்ணேன், நீ அணைச்சு வச்சிருக்க."

அந்த வெள்ளிக் கோடு! அவள் கண் முன்னே கோட்டுப் பட்டன் வந்து நின்றது. நத்தை நடந்துபோன தடத்தை மார்பில் குத்திக்கொண்டுதான் அந்த மனுஷர் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

மறு நொடியே அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி முழித்துக்கொண்டாள். "திறக்கும்போதே நடந்துக்கிட்டு இருந்துச்சா, இல்ல நீங்க திறந்த அப்புறமா?"

"டப்பாவோட மூடி உள்பக்கம் முழுக்கக் கோடு போட்டு வச்சிருக்கு பாரு. நேத்தோ முந்தாநாளோ எழுந்திருக்கும்."

"இஸ்திரி போடுற ஆவி பட்டிருக்குமா?"

"இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போய் எத்தனை மாசம் ஆச்சு? உன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"தேத்தண்ணி ஏதாவது கொட்டுனீங்களா? பொய் சொல்லாதீங்க."

"மேல் அலமாரிக்கு ஏறிப் போய்க் கொட்டுவேனா?" அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். பட்டன்களுக்கு நடுவே, பட்டன் வாங்கும்போது கூடவே வருகிற சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் கிடந்தன. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள உள்ளே போடுகிற பொட்டலங்கள். அவள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், இன்னும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பல்கலைக்கழகத்து மெஷின் மூன்று வருஷம் முனகி முனகிச் செய்ததை, இந்த டப்பா சத்தமே இல்லாமல் அதைவிட நன்றாகச் செய்திருந்தது.

தானாகத்தான் எழுந்திருக்கிறது. மழை இல்லை, ஈரம் இல்லை, பாராட்டு இல்லை. இருட்டில், பட்டன்களுக்கு நடுவே, போதும் என்று அதற்கே தோன்றி எழுந்திருக்கிறது.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "என் கணக்கு சரிங்க. சரியா இருந்திருக்கு!"

"யாரும் நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்க. மூளி ஓடு, கணக்குலயே இல்லாதது, நீங்க ஒருத்தர்தான் சாட்சி, அதுவும் என் வீட்டுக்காரர்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்பலைன்னா போகட்டும். எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

அவர் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். "அங்க இருக்கிறதுங்களையும் கொண்டு வந்துடு. திரும்ப முதல்லேர்ந்து தூங்க வை. கோட்டுப் பட்டன், சட்டைப் பட்டன், கொக்கி டப்பா, எல்லாம் இருக்கு. அலமாரியில நிறைய இடம் கிடக்கு." நாளைக்குக் காய்கறி வாங்கணும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். இன்னொரு மூன்று வருஷத்தை அவ்வளவு லேசாக எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அவளுக்கு அவர் மேல் பாசம் பொங்கியது. மூளிக்கு வெள்ளரிக்காய் நறுக்கி வருகிறேன் என்று சமையலறைக்கு எழுந்தாள்.

வாசல் மணி அடித்தது.

கதவை ஒருக்களித்துத் திறந்தாள். பாராட்டுக்காரர். பின்னால் பித்தளைப் பலகையோடு தச்சர், கையில் துளைபோடும் கருவி. தெருவில் பேண்டுக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சின்னப் பாராட்டு மேடம்!" என்று அவர் தழுதழுத்தார். "காலைலேர்ந்து இவ்வளவு கட்டிப்பிடிச்சும் இந்தப் பட்டன் தெறிக்கல பாருங்க. இதை இப்படியே விட முடியுமா?"

"அவர் தூங்குறார் சார்."

"அடடா." அவர் முகம் வாடியது. ஆனால் அவர் அவ்வளவு சுலபத்தில் சோர்ந்துபோகிறவர் இல்லை. கழுத்தை நீட்டி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க முயன்றார். "இவ்வளவு தூரம் வந்துட்டோம். உங்க வீட்டுல வேற ஏதாவது விசேஷம் உண்டா மேடம்?"

மூன்று வருஷம் மாதம் தவறாமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் அவள் நாக்கில் தயாராக இருந்தது. இந்தத் தரம் தலை குனியவில்லை.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் கணவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நாடாவின் மேல் மூளி அடுத்த இஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.